இடித்துப் பார்க்கும் சார்

சாரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு சுவரை உதைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் அல்ல. கோபத்தில் சுவரை உதைக்கிறவர்கள் ஒரு உதையோடு காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குக் கட்டுப் போட்டுப் பழகியவள் நான். இவர் உதைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். ஓரடி தள்ளிப் போய் மறுபடி உதைத்தார். சுற்றிலும் முழங்கால் வரை சேறு அப்பிக்கொண்டு நின்றிருந்த சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும், பெற்ற பிள்ளையை எவரோ தெருவில் வைத்து அடிப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரை நாள்கணக்கில் கட்டியவர்கள் அவர்கள். அடுத்த உதையில் அதன் ஒரு மூலை பொலபொலவென்று உதிர்ந்தது.

"ம்," என்றார் சார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

மல்லாங்கிணறு பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் நடந்தது அந்த முகாம். இயற்கை முறைக் கட்டுமானப் பயிற்சி என்று அதற்குப் பெயர். மண்ணைக் குழைத்து, வைக்கோல் போட்டு மிதித்து, அச்சில் மண்கல் அறுத்து, சுவர் வைத்து, கடுக்காய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசுவது வரைக்கும் கையாலேயே செய்து கற்றுக்கொள்ளலாம். சேற்றில் கால் படாத வாழ்க்கைக்காகப் பாடுபட்டு, அந்த வாழ்க்கை கைக்கு வந்ததும் சேற்றில் கால் வைக்க ஏங்கிப்போனவர்கள்தான் பெரும்பாலும் வந்தார்கள். அவர்களுடைய கை கொப்புளத்துக்கு மருந்து போடவும், கருவேல முள் எடுக்கவும், வெயிலில் சுருண்டு விழுந்தால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கவும் ஒரு நர்ஸ் தேவைப்பட்டது. நான் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஓய்வு நாளில், காலை ஆராதனையை முடித்துக்கொண்டு, முதலுதவிப் பெட்டியோடு பஸ் ஏறிவிடுவேன். எங்கள் ஊரில் அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

சாருக்குப் பேர் உண்டு. முகாமில் எல்லோரும் சார் என்றே கூப்பிட்டதால் அந்தப் பேர் பயன்படாமலே கிடந்தது. மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் பேனா, தலையில் வெயிலுக்கு ஒரு தொப்பி. வேலையில் இருந்த காலமெல்லாம் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் இருந்தவர். சிமெண்டையும் மணலையும் குழைத்துச் சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் கொடுத்து நசுக்கி, எந்த அழுத்தத்தில் உடைகிறது என்று குறித்துக்கொள்வது அவர் வேலை. அதாவது, உடைப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். உடைக்கிற பழக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

முகாமை நடத்தியது ஒரு சென்னைத் தம்பி. கொண்டை போட்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொள்வார். சிமெண்ட் ஆலையிலிருந்து வந்த மனிதர் மண் வீடு கட்டக் கற்றுத் தருகிறார் என்பது அவருக்கு லட்டு மாதிரி கிடைத்த விஷயம். 'சிமெண்டை வென்று மண்ணுக்குத் திரும்பியவர்' என்று சாருடைய படத்தோடு போஸ்டர் அடித்தார். சிவகாசியில் போஸ்டர் அடிப்பதற்கு யாரும் இரண்டு தரம் யோசிப்பதில்லை.

சார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"நான் எங்கப்பா வென்றேன்? அதுதான எனக்குப் பென்சன் குடுக்குது," என்றார்.

"சார், அது ஒரு உருவகம் சார்."

"உருவகத்துல என் போட்டோவ எதுக்குப் போட்ட?"

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு யோகா ஆசிரியை, கைகளைக் கட்டிக்கொண்டு மிகுந்த பக்தியோடு அவரிடம் கேட்டார்: "சார், உங்க வீடும் மண் வீடுதானே? அதுல தூங்கி எழுந்திருக்கிற அனுபவம் எப்படி இருக்கும்?"

"கான்கிரீட்டும்மா. போன வருசந்தான் டிஸ்டெம்பர் அடிச்சேன்."

அந்த அம்மாவின் முகத்தில் அப்போது விழுந்த விரிசலைப் பார்க்கவே நான் அந்த வாரம் பஸ் ஏறியிருக்கலாம். அதற்கு மேலும் சார் நிறுத்தவில்லை. "ஒங்களுக்கு நல்லா உருளும்படி மண்ணு கிடைச்சா மண்ணுல கெட்டுங்க. நல்ல சிமெண்டு கிடைச்சா அதுல கெட்டுங்க. எதுல கெட்டினாலும் குடி போறதுக்கு முன்னால இடிச்சுப் பாருங்க," என்றார். கொண்டைத் தம்பி அவசரமாக எல்லோரையும் மூச்சுப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

இடித்துப் பார்ப்பது சுவரோடு நிற்கவில்லை என்பதுதான் எங்கள் சங்கடம். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதன் முதுகைப் பிடித்து ஆட்டுவார். தேநீர் வந்தால் கோப்பையின் பிடியை இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை ஒரு ஐ.டி. பையனின் கைவிரலில் நான் கட்டுப் போட்டு முடித்ததும், அருகில் வந்து அந்தக் கட்டின் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கட்டு அவிழ்ந்து கையோடு வந்தது.

"என்ன சார் பண்றீக?"

"அவுறுதான்னு பாத்தேன் சிஸ்டர்."

"நீங்க இழுத்தா எதுதான் சார் அவுறாது?"

"மம்பட்டி பிடிச்சாலும் இதே இழுப்புதான் இழுக்கும்," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய வாயையே கட்டியிருப்பேன். மறுபடி கட்டினேன். அதையும் இழுத்தார். வரவில்லை. "ம்," என்று போய்விட்டார். அந்த 'ம்' என்ற ஒற்றை எழுத்தை அவர் எந்தச் சுவருக்கும் பாராட்டாகச் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தபோது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

கரிசல் மண் விவகாரம் இன்னும் விசேஷமானது. நிற்கிற இடத்து மண்ணிலேயே வீடு கட்ட வேண்டும், வெளியிலிருந்து ஒரு சட்டி மண்கூடக் கொண்டுவரக் கூடாது என்பது கொண்டைத் தம்பியின் கொள்கை. அந்தக் காடோ நல்ல கரிசல். மழையில் வீங்கும், கோடையில் ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிக்கும். பருத்திக்குத் தோதான மண். சுவருக்குத் தனியாக வைத்தால் காய்கிறபோதே பிளந்துகொள்ளும்.

"இந்த மண் நம்மோட பேசும் சார். நாமதான் கேக்கணும்," என்றார் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு.

"பேசட்டும். வெயில்ல காயவச்சுக் கேப்போம்," என்றார் சார்.

கரிசலில் ஓர் உருண்டை, செம்மண்ணும் மணலும் கலந்து ஓர் உருண்டை, மூன்றையும் சேர்த்து ஓர் உருண்டை. ஒரு பலகையில் வரிசையாக வைத்து வெயிலில் காய விட்டார். கரிசல் உருண்டை பாதத்துப் பித்தவெடிப்பு மாதிரி வாய் பிளந்தது. மற்றவற்றைத் தோள் உயரத்திலிருந்து கீழே போட்டார். ஒன்று சிதறியது, ஒன்று லேசாகப் பொருக்கு உதிர்ந்ததோடு சரி. "பேசிருச்சு," என்றார். மறுநாள் செம்மண் லோடு வந்து இறங்கியது. தம்பி அதை நின்று படம் பிடித்து, 'மண்ணின் குரலுக்குச் செவி சாய்த்தோம்' என்று இன்ஸ்டாகிராமில் போட்டார்.

ஒவ்வொரு முகாமும் கடைசி நாளன்று ஒரே மாதிரி முடியும். காலையில் பயிற்சியாளர்கள் தாங்கள் கட்டிய சுவரில் கைத்தடம் பதித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மதியம் சார் கடப்பாரையோடு வருவார். முதலில் ஒரு வாளித் தண்ணீரை ஓங்கி அடிப்பார். அப்புறம் உதை. அப்புறம் கடப்பாரையின் முனையால் இடுக்கு இடுக்காக நெம்புவார். அழுதவர்கள் உண்டு. ஒரு பெண் சுவரைக் கட்டிக்கொண்டே நின்றாள். சார் பொறுமையாகப் பக்கத்துச் சுவருக்குப் போய் அதை இடித்துவிட்டு வந்தார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மாலை, உடைந்த மண்ணை எல்லாம் திரும்ப ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏன் சார், ஆசையாக் கெட்டுதாக. போற வரைக்கும் நிக்கட்டுமே. அதுக்கு அப்புறம் இடிச்சா என்ன?"

சார் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"சிஸ்டர், நம்ம பக்கத்துல ஒரு பட்டாசு ஷெட்டு சரியில்ல, ஒரு சுவர் சரியில்லன்னு எப்ப தெரியுது? வெடிச்ச பெறகு. வெடிச்ச மறுநாளு அம்புட்டுப் பேரும் வந்து அளந்து பாக்காக. அந்தச் சோதனைய நான் ஆளு உள்ள போறதுக்கு முன்னாலயே செய்யுதேன். அம்புட்டுத்தான்."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கடப்பாரை எடுத்தபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பாதியில்தான், முழுக்க நிற்கவில்லை. அவர் முகாமின் கழிப்பறைக் கதவையும் அதே கடமையுணர்ச்சியோடு இழுத்துப் பார்க்கிறவர் என்பதை மறக்க முடியாதே. உள்ளே ஆள் இருக்கும்போது.

பேச்சியம்மா முகாமுக்கு மண் சுமக்க வந்தவள். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் திரி வைக்கிற வேலை அவளுக்கு. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்திருக்கிற நாள்களில் கிடைத்த வேலைக்கு எல்லாம் போவாள். புருசன் லோடு ஏற்றுகிறவர். பாதி நாள் லாரியில் இருப்பார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில், மாமியாரோடும் மகளோடும் இருந்தாள். அந்த வீட்டில் மத்தியானத்தில் தண்ணீர்க் குடமே வெந்நீராகிவிடும் என்று சொல்வாள். மண் சுவரில் கையை வைத்து அதன் குளிர்ச்சியை அவள் ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன். நகரத்துக்காரர்கள் சுவரைத் தொட்டால் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் திறந்து வைத்துக்கொண்டு, சுவர் எத்தனை கனம் என்று விரலால் அளந்தாள்.

"விஸ்வநத்தத்துலயே எங்க அய்யா குடுத்த எடம் கொஞ்சம் இருக்கு சார். எனக்கு ஒன்னு கெட்டித் தருவீகளா?" என்று சாரிடமே கேட்டாள்.

"பயிற்சிக்கு வாறவக கையில குடியிருக்கப் போற வீட்டக் குடுக்காத தாயி," என்றார் சார்.

கொண்டைத் தம்பிக்குக் காதில் விழுந்துவிட்டது. பட்டாசுத் தொழிலாளி ஒருத்திக்கு மண் வீடு. அவருடைய கண்ணில் மத்தாப்பு எரிந்தது. அடுத்த முகாமை அங்கேயே நடத்துவது என்று அன்று மாலையே அறிவித்துவிட்டார். உழைப்பு பயிற்சியாளர்களுடையது, பொருள் பேச்சியம்மாவோடு பாதிக்குப் பாதி, படம் முழுக்கத் தம்பியுடையது.

சார் முறுக்கிக்கொண்டு வராமலிருப்பார் என்று நினைத்தேன். வந்தார். அதைவிட வராமலிருந்திருக்கலாம் என்று எல்லோரையும் நினைக்க வைத்தார். கருங்கல் அஸ்திவாரத்தைத் தோண்டச் சொல்லி இரண்டாம் தரம் போட வைத்தார். கரிசல் அசையும், ஆழம் போதாது என்றார். தண்ணீர் தெறிக்காத உயரத்துக்குக் கல் வரி வைத்த பிறகே மண்ணைத் தொட விட்டார். வெயிலில் காய்ந்த மண்கற்களை வண்டியிலிருந்து இறக்கும்போதே கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கீழே போடுவார். உடைந்தால் அந்த வண்டி மொத்தமும் திரும்பக் குழைக்கப்பட வேண்டும். தியானத்துக்காக வந்திருந்த ஒருவர், வாழ்க்கையில் முதன்முறையாகக் கெட்ட வார்த்தை பேசியதாக என்னிடம் வந்து சொல்லி வருத்தப்பட்டார். கையைக் காட்டச் சொல்லி மருந்து போட்டு அனுப்பினேன். பேசிய வார்த்தை நியாயமானது என்றும் சொல்லி அனுப்பினேன்.

சுவர் ஏறியது. கூரைக்குப் பனங்கை வைத்து ஓடு வேய்ந்தார்கள். சுண்ணாம்பு பூசி இழைத்ததும் வீடு வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறத்தில் நின்றது. தெருவே வந்து பார்த்தது. "மழைக்குக் கரைஞ்சா கஞ்சி காச்சலாம்" என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். பேச்சியம்மா அவருக்கும் காபி கொடுத்தாள்.

பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலை சார் வந்தார். கையில் கடப்பாரை.

நான், தம்பி, பயிற்சியாளர்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தோம். என்ன நடக்கப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். தடுக்கிற தைரியம் யாருக்கும் இல்லை. தம்பி கைப்பேசியைக்கூடக் கீழே இறக்கிவிட்டார், அவ்வளவு பயம். பேச்சியம்மா உள்ளிருந்து வந்தாள். சாரின் கையைப் பார்த்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"என்ன சார் கொண்டாந்திருக்கீக?"

"ஒரு மூலைய மட்டும் நெம்பிப் பாத்துருதேன். பெறகு பூசிக்கிடலாம்."

"வேண்டாம் சார்."

"பிள்ளைய வச்சிருக்க. உள்ள படுக்கப் போற. பாக்காம எப்படி விடது?"

"எம்புட்டு நாள் பாத்தீக. ஒவ்வொரு கல்லாப் போட்டுப் பாத்தீக. அஸ்திவாரத்த ரெண்டு தரம் தோண்டுனீக. நான் ஒரு வார்த்த சொன்னேனா? இப்ப இது சுவர் இல்ல சார். என் வீடு. ஒங்க சுவர நீங்க ஒடைச்சுக்கோங்க. என் வீட்ட ஒடைக்க விட மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. சார் கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. காலமெல்லாம் உடைத்துப் பார்த்தே நம்பிய மனிதரிடம், பார்க்காமல் நம்பு என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். என்ன செய்வார் பாவம்.

"விரிசல் ஏதும் கண்டா ஒடனே போன் பண்ணனும்," என்றார்.

"பண்ணுதேன் சார்."

"சின்ன விரிசல்னாலும்."

"சரி சார். நாளைக்குப் பால் காச்சுறதுக்கு வந்துருங்க."

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். பால் காய்ச்சுவதற்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பாயசத்தில் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டார்.

அந்த ஐப்பசி மழையில் சாருடைய நிலைமை மோசமாகிவிட்டது. இதை எனக்குச் சொன்னது பேச்சியம்மாதான். மாமியாரின் சர்க்கரைக்கு மருந்து வாங்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவாள். தான் குடியிருக்கிற விருதுநகரில் மேகம் கறுத்தால் போதும், சார் மொபெட்டை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே வந்து அவள் வாசலில் நிற்பாராம்.

"என்ன சார் இந்த மழையில?"

"இங்கன ஒரு வேலையா வந்தேன். மழைக்கு ஒதுங்கலாம்னு."

"விருதுநகர்லருந்து எங்க வீட்டுக்குத்தான் ஒதுங்க வரணுமா சார்?"

அவர் துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு, சுவரைப் பார்க்கிற மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாராம். தேநீர் குடிப்பார். அவள் அடுப்படிக்குப் போனதும் மெல்ல எழுந்து புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். அவள் திரும்பி வரும் சத்தம் கேட்டால், காலண்டரில் நாள் பார்ப்பதுபோல நின்றுகொள்வார்.

"காலண்டர் அந்தச் சுவர்ல இல்லவே இல்ல சிஸ்டர்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் பேச்சியம்மா. அப்புறம், "பாவம், ஒரு நா காச்சலோட வந்துட்டாரு. கசாயம் வச்சுக் குடுத்தேன். மழை விடுற வரைக்கும் எங்க அத்தையோட தாயக்கட்டம் வெளாண்டாரு," என்றாள்.

சுவர் கரையவில்லை. மழை போயிற்று. சார்தான் ஒரு சுற்று இளைத்துப்போயிருந்தார்.

அடுத்த கோடையில் ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், எங்கள் ஆஸ்பத்திரியின் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. இந்தப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிஸ்டர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டில்களுக்கு வெள்ளைத் துணி விரிக்க ஆரம்பித்தோம். அடுத்தடுத்து ஆம்புலன்ஸ்கள் வந்தன. அதில் வந்தவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வெடித்தது பேச்சியம்மா வேலை பார்க்கிற கம்பெனி என்று மட்டும் வந்தவர்கள் சொன்னார்கள். வருகிற ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரிலும் நான் முதலில் முகத்தைத்தான் பார்த்தேன்.

கூட்டம் நடைவழியை அடைத்துக்கொண்டு நின்றபோது, அதற்கு நடுவே தொப்பி இல்லாத ஒரு தலை தெரிந்தது. சார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"சிஸ்டர், பேச்சியம்மா பேரு வந்திருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல சார். நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடக்கு. போன் அடிச்சேன். உள்ளருந்து சத்தம் வருது."

அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள் என்றால் எங்கே போயிருக்கிறாள் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். பெஞ்சை ஆட்டிப் பார்க்காமல் உட்கார்ந்தார். அதன் ஒரு கால் நொண்டி என்பது எனக்குத் தெரியும்; விழாமல் இருந்தது அதிர்ஷ்டம். தண்ணீர் கொடுத்தேன். அவர் மனசை வேறு பக்கம் திருப்பலாம் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன்.

"வீட்டுச் சுவரு எப்படி சார் இருக்கு? அம்புட்டுச் சத்தத்துக்கு?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியதுபோல.

"பாக்கலயே," என்றார்.

சுவர் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நின்றது. மேற்குப் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு ஒரு முறம் அகலத்துக்கு உதிர்ந்திருந்தது. ஓடுகள் சில சரிந்திருந்தன. கொண்டைத் தம்பி பிற்பாடு வந்து அந்தச் சுவரைப் படம் எடுத்து, வெடிப்பைத் தாங்கிய வீடு என்று போட்டார். சுற்றி மூன்று தெருவில் மற்றவர்களுடைய வீடுகளும்தான் தாங்கியிருந்தன. அவற்றை அவர் எடுக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்தப் பெஞ்சில் இருந்தவருக்குச் சுவர் ஒன்று இருப்பதே நினைவில்லை.

நான் வார்டுக்கும் நடைவழிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவர் என்னைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். மறுபடி குனிந்துகொள்வார். தன் இரண்டு கைகளையும் மடியில் என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

வெயில் இறங்கும்போது, வாசல் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு பட்டுச் சேலை உள்ளே வந்தது. தலை நிறைய மல்லிகைப் பூ. முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. பேச்சியம்மா.

ஆலங்குளத்தில் சொந்தக்காரர் பிள்ளைக்குக் காதுகுத்து. காலையிலேயே லீவு சொல்லிவிட்டு, மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவசரத்தில் போனை சார்ஜிலேயே விட்டுவிட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் விஷயத்தைக் கேள்விப்பட்டு, அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் நேரே இங்கே வந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரி வைக்கிற முத்துலட்சுமியைத் தேடி.

என்னிடம் வரும் வழியில் அவள் பெஞ்சைப் பார்த்துவிட்டாள்.

"சார், நீங்க எதுக்கு இங்கன உக்காந்திருக்கீக? ஒடம்புக்கு என்ன செய்யுது?"

சார் அவளைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரைக்கும், பூ, சேலை, கை, விரல் எல்லாவற்றையும் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஒன்னுமில்லம்மா," என்றார். "பிரஷர் பாக்கலாம்னு வந்தேன். சிஸ்டர் இன்னும் பாக்கல."

ஆஸ்பத்திரியே தீப்பற்றினது மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற நாளில், விருதுநகரிலிருந்து பிரஷர் பார்க்க வந்த ஒரே நோயாளி. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் நான் கருவியை எடுத்து வந்து பட்டையைச் சுற்றினேன். பேச்சியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். காற்றை ஏற்றி, இறக்கி, பார்த்தேன். யாருக்கும் சொல்லக்கூடிய எண்ணாக அது இல்லை.

"நல்லா இருக்கு சார்," என்றேன். "போகும்போது ஒரு மாத்திர தாரேன், போட்டுக்கோங்க."

"சரி," என்றார்.

எவ்வளவு என்று கேட்கவில்லை. நல்லா இருந்தால் மாத்திரை எதற்கு என்றும் கேட்கவில்லை.

"முத்துலச்சுமி எந்த வார்டு சிஸ்டர்?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

கையில் தீக்காயம், உயிருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி வழி காட்டினேன். அவள் திரும்பி நடப்பதற்குள் சார் எழுந்துவிட்டார். கூட்டத்தை இரண்டு கைகளாலும் விலக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் போனார்.